ஏபெர் தர வேண்டிய ஆடு

திங்கட்கிழமை காலையில் மட்டும் ஏபெர் சீட்டியடிப்பான். மற்ற ஆறு நாளும் அவன் வாயில் பாட்டு கிடையாது. சமையலறையிலிருந்து கொல்லைக்கு இறங்க இரண்டே படி. முதல் படியில் கால் வைக்கும்போது சீட்டி ஆரம்பிக்கும், தரையில் கால் பட்டதும் நின்றுவிடும். என்ன பாட்டு என்று சொல்ல முடியாது. பாட்டாக ஆவதற்குள் படி முடிந்துவிடும்.

கல்யாணமான புதிதில் இல்லாத பழக்கம் அது. அவனுக்கு முப்பத்தொன்று ஆன வருஷம் ஆரம்பித்தது. அவன் மனைவி நிபியா முதலில் சந்தோஷத்தில் அடிக்கிறான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஜெயித்தால் சரி, தோற்ற மறுநாளும் அடிக்கிறானே என்று ஒரு தடவை அடுப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள். சீட்டிக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி. வலது முழங்கால். அவள் திரும்பிப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக அப்படியே கேட்காமல் இருந்துவிட்டாள். போன சீசனில் சீட்டி கட்டிலிலேயே ஆரம்பித்துவிட்டது.

ஏபெர் சில்வெய்ரா பிறந்தது சான் ரோமுலோ என்ற ஊரில். ஆரஞ்சுத் தோப்புகளுக்கு வாய்க்கால் வெட்டுகிறவர் அவன் அப்பா. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான், பதினாலில் பழம் பாக் பண்ணும் ஷெட்டில் பெட்டி தூக்கினான். அதே ஷெட்டில் இப்போது பெல்ட்டுக்கு முன்னால் நின்று ஓடுகிற பழங்களில் கெட்டதைப் பொறுக்கிப் போடுகிறான். பார்ப்பது கூட இல்லை, தொட்டாலே அவன் கைக்குத் தெரியும். பதினேழு வயதிலிருந்து லூசேரோ கால்பந்து கிளப்பில் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். இரண்டாம் நம்பர் ஜெர்சி. அந்த இருபத்தைந்து வருஷத்தில் கிளப் அவனுக்குக் கொடுத்தது வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸும், மேட்ச் முடிந்ததும் ரொட்டியில் வைத்த ஒரு சொரீசோ சாசேஜும்தான். அவனுக்கு இருபத்தொரு வயதிருக்கும்போது தலைநகரத்து கிளப் ஒன்றிலிருந்து ஒருவர் அவனைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தார். அன்று பெய்த மழையில் மேட்ச் நடக்கவில்லை. அவர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். ஏபெர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மழை பெய்தால் மட்டும் ஒரு தரம் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவான்.

லூசேரோவில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தை விட்டுப் போகிறவன் மைதானத்து ஓரத்தில் ஒரு ஆட்டுக்குட்டியை இரும்புச் சிலுவையில் கட்டித் தீயில் சுட்டு, கூட விளையாடிய ஒவ்வொருவனுக்கும் தன் கையாலேயே வெட்டிக் கொடுக்க வேண்டும். அதுவரை அவன் போனவன் இல்லை. அவன் ஜெர்சியை இன்னொருவன் போட முடியாது.

முப்பத்தாறு வயதில் ஏபெர் இந்த வருஷத்தோடு போதும் என்றான். உடனே நிபியாவின் தம்பி ஒரு செம்மறிக் குட்டியைக் கொண்டுவந்து மைதானத்து வேலியில் கட்டினான். அதே மாதம் கோச் நெரி பக்கத்து ஊரிலிருந்து மைகோல் என்ற இருபத்துமூன்று வயதுப் பையனைக் கூட்டிவந்தான். ஷெட்டில் வேலையும் வாங்கிக் கொடுத்து, "நவம்பர் வரைக்கும் பதினாலாம் நம்பர் போட்டு பெஞ்சுல இரு, அப்புறம் ரெண்டு ஒன்னுது" என்றான்.

அந்த நவம்பரில் லூசேரோ ஃபைனலில் பெனால்டியில் தோற்றது. யாருக்கும் சாப்பிட மனசு வரவில்லை. இந்தத் தோல்வியோடு எப்படிப் போவது என்றான் ஏபெர். அடுத்த வருஷம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. மைதானத்தில் மூன்று வாரம் தண்ணீர் நின்றது, காய்ந்த விறகு ஊரிலேயே இல்லை. மூன்றாம் வருஷம் யாரும் காரணம் தேடவில்லை. கேட்டால் "வர்ற ஞாயித்துக்கெழமை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லி ஆட்டுக்கே ஞாயிறு என்று, தொமிங்கோ என்று, பெயர் நிலைத்துவிட்டது. தொமிங்கோ குட்டியாக இல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது. கழுத்துத் தடித்த கிடா அது இப்போது. வடக்கு கோல்கம்பத்துப் புல்லை அதுதான் மேய்ந்து மட்டம் பண்ணுகிறது. ஷெட்டில் கழித்துப் போட்ட பழங்களை ஏபெர் தினமும் கொண்டுவந்து போடுகிறான். அவனைக் கண்டால் ஓடி வரும்.

நான்காம் வருஷம் தம்பி கத்தியோடு வந்தபோது, "இருக்கட்டும்டா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொன்னவள் நிபியா. ஏன் சொன்னாள் என்று அவளே பின்னால் பல தடவை யோசித்திருக்கிறாள். ஆட்டின் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும்தானா? வீட்டில் ஏபெர் அதிகம் பேசாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மைதானத்துக் கேன்டீனில் நின்று பலகாரம் பொரித்துக்கொண்டிருக்கும்போது அவன் குரல் கேட்கும். "மேல ஏறு. எடது பக்கம். அவன விடாத." பத்துப் பேர் அந்தக் குரலுக்கு நகர்வார்கள். அந்தக் குரலை வீட்டில் எங்கே கேட்பது?

இந்த பிப்ரவரியில் நெரி வந்தான். அவன் முடிதிருத்துகிறவன். கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே டீ உறிஞ்சும் குடுக்கை, சட்டைப்பையில் சீப்போடு மடித்த புது சீசனுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரம்.

"யாருக்கு முடி வெட்ட வந்த?" என்றாள் நிபியா.

"ஒம் புருஷன் தலையில வெட்ட என்ன இருக்கு? கையெழுத்து வாங்க வந்தேன்."

ஏபெர் குடுக்கையை வாங்கி உறிஞ்சினான். "இந்த வருஷம் போதும்னு பாக்கறேன் நெரி."

"போன வருஷமும் இப்படித்தான் பாத்த."

"போன வருஷம் முழங்கால் நல்லா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னய்யா ஒனக்கு?" நெரி நிபியா பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. நீ போதும்னா போதும். ஃபாரத்த மடிச்சுட்டுப் போயிடறேன்."

ஆறு வருஷமாக இதை யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் அவள். பதில் அவளிடம் தயாராகவே இருந்தது. சுள்ளி முறிகிற சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். ஷெட்டில் எட்டு மணி நேரம் நிற்கிற கால் அது என்று சொல்லியிருக்கலாம்.

"என்னய ஏன் கேக்கற? தொமிங்கோவைக் கேளு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏபெர் கையெழுத்துப் போட்டான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் அவமானமாக இருந்தது.

மார்ச்சில் சீசன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பால் பண்ணைக்காரர்களோடு பயிற்சி ஆட்டம். தூறல். தூறினால் ஊரே தோர்த்தா கேட்கும் என்பதால் நிபியா நேரத்திலேயே மாவு பிசைந்து எண்ணெயைக் காயவைத்திருந்தாள். இடைவேளையில் மைகோல் ஜன்னலுக்கு வந்தான். பதினாலாம் நம்பர் ஜெர்சி, தலையில் தொப்பி.

"ரெண்டு குடுங்க நிபியாக்கா. ஒண்ணு மகளுக்கு."

"கைக்கொழந்தைக்கா எண்ணெப் பலகாரம்?"

"எந்தக் கைக்கொழந்தை? பள்ளிக்கூடம் போறாக்கா. வெள்ள அங்கி, நீல ரிப்பன் எல்லாம் போட்டு."

அவன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். நெற்றிக்கு இரண்டு பக்கமும் முடி மேலே ஏறியிருந்தது. நிபியா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு என்ன வயசு மைகோல்?"

"ஜூலை வந்தா முப்பது."

அவள் மனதில் அவனுக்கு இன்னும் இருபத்துமூன்றுதான். ஊரில் எல்லார் மனதிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். 'அந்தப் பையன்' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"இந்த வருஷமும் பதினாலுதானா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மொத மேட்ச் வரைக்கும். அப்புறம் ஷெட்டுல ஞாயித்துக்கெழமை லோடுக்கு ஆள் கேக்கறாங்க, பேர் குடுத்துடலாம்னு இருக்கேன்." தோர்த்தாவைக் காகிதத்தில் சுற்றினான். "அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் மேல தப்பில்ல. இந்த வருஷம் போயிடுவாரு, இந்த வருஷம் போயிடுவாருன்னு நாந்தான் ஒக்காந்துட்டேன்."

கொஞ்சம் போனவன் திரும்பி வந்தான். "ஒரு சந்தேகம்க்கா. பெஞ்சுல ஒக்காந்தே ரிட்டயர் ஆறவன் ஆடு சுடணுமா, வேணாமா? நெரிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை. கிளப் ஜெர்சிகளைத் துவைப்பவள் அவள்தான். வாராவாரம் பதினாலாம் நம்பரையும் மற்றதோடு சேர்த்து ஊறப்போட்டிருக்கிறாள். அதில் சேறு ஒட்டியிருந்த ஞாபகமே இல்லை. துவைக்கத் தேவையில்லாத துணியை ஆறு வருஷமாகத் துவைத்திருக்கிறாள், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டுக்கொண்டாளா?

இரண்டாம் பாதியில் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னலில் கை ஊன்றி ஆட்டத்தைப் பார்த்தாள். இத்தனை காலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பார்த்ததில்லை. ஏபெரின் குரல் பழையபடிதான் இருந்தது. ஆனால் அவனுக்கு வலப்பக்கம் பந்து போனால், "நீ நில்லு கிழவா, என்னுது" என்று இன்னொருவன் ஓடினான். கோலி ஆதெமார் கோலை விட்டுப் பத்தடி முன்னால் வந்து நின்றான், ஏபெரைத் தாண்டுகிற பந்துக்காக. பஸ்ஸில் வயதானவருக்கு நகர்ந்து இடம் விடுவார்களே, அப்படி மொத்தக் கூட்டமும் அவனுக்காகக் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து நின்றிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த அன்பைப் பார்க்க முடியாமல் அவள் அடுப்பைத் திரும்ப ஏற்றினாள்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து சீட்டி கிளம்பியது. நடையைக் கடந்து, சமையலறைக்கு வந்து, படிக்குப் போனது.

"சீட்டியடிக்காத" என்றாள் நிபியா.

அவன் படியில் ஒரு காலோடு நின்றான். "ஏன்?"

"முழங்கால் சத்தம் எனக்குக் கேக்குது. பதினோரு வருஷமா கேக்குது."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "கேட்டுட்டா இருந்த?"

"நீ மறைச்ச, நானும் மறைச்சேன்."

"அன்னிக்கு நெரி கேட்டப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்." அவள் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். "கிழவா, மைகோலுக்கு என்ன வயசு?"

"அந்தப் பையனுக்கா? இருபத்தி மூணு."

"அது அவன் வந்தப்போ."

ஏபெர் படியிலேயே உட்கார்ந்தான். விரலை மடக்கிப் பார்த்தான். ஒரு கை போதவில்லை. அடுத்த கையின் கட்டைவிரலையும் மடக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"யாருதான் சொன்னோம்?"

அன்று ஷெட்டுக்குப் போகும்போது அவன் சீட்டியடிக்கவில்லை. சுள்ளிச் சத்தம் இரண்டு படிக்கும் தெளிவாகக் கேட்டது.

முதல் மேட்ச் சிவப்புச் சட்டைக்காரர்களோடு. ஊரே வந்திருந்தது. துவைத்த ஜெர்சி மூட்டையை நிபியா உடை மாற்றும் அறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றாள். ஏபெர் இரண்டாம் நம்பரை எடுத்துப் போட்டான். போட்டவன் கழற்றினான். மைகோல் மடியில் வைத்தான்.

ஆதெமார்தான் கேப்டன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "ஆடு எங்க?"

"வெளிய மேஞ்சுட்டு இருக்கு."

"அது மேயற வரைக்கும் ஜெர்சி ஒன்னுது. நான் போட்ட சட்டமில்ல கிழவா."

"எனக்கு வேணாம்ணே" என்றான் மைகோல். ஜெர்சியைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தான், சூடாக ஏதோ மடியில் விழுந்த மாதிரி. "நான் துரத்திட்டேன்னு ஆகிடும்."

"கடனா வச்சுக்கங்கப்பா. வர்ற ஞாயித்துக்கெழமை சுடறேன்."

யாரோ மூலையில் சிரித்தார்கள். "ஆறு வருஷமா அந்த ஞாயித்துக்கெழமை வந்துட்டுதான் இருக்கு."

"அப்பல்லாம் ஜெர்சியைப் போட்டுக்கிட்டுச் சொன்னேன்" என்றான் ஏபெர்.

வெற்றுடம்போடு நின்றிருந்தான். மார்பு முடி நரைத்து, தோள் எலும்பு தூக்கி, வயிறு கொஞ்சம் சரிந்து. ஜெர்சி இல்லாமல் அவன் எவ்வளவு வயதானவனாக இருந்தான் என்பதை அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஆதெமார் பார்வையை இறக்கிக்கொண்டு கையுறையை மறுபடி மாட்டினான். "சரி, கடன். போடுடா மைகோல்."

ஏபெர் பதினாலாம் நம்பரைப் போட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். முதல் பத்து நிமிஷம் கத்தினான். அப்புறம் குறைத்துக்கொண்டான்.

மைகோல் நன்றாக ஆடினான் என்று சொல்ல முடியாது. ஆறு வருஷம் உட்கார்ந்த கால் பதறியது. ஒரு பந்தைத் தவறவிட்டான், அது கோலானது. இரண்டாம் பாதியில் இன்னொன்று. வேலியோரத்திலிருந்து ஒருத்தன் "ஏபெர்" என்று கூப்பிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பெயராக இருந்தது. மைகோல் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்து நின்றான். நெரி பெஞ்சுப் பக்கம் திரும்பி, என்ன செய்யட்டும் என்று கண்ணால் கேட்டான்.

கேன்டீன் ஜன்னலிலிருந்து நிபியா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போவான் என்றுதான் நினைத்தாள். போகவேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள் என்பதும் உண்மை. இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு பேர் சேர்ந்து அவன் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஏபெர் குனிந்தான். வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் வைத்தான். இடதையும் கழற்றினான். காலுறையை உருட்டி உள்ளே செருகினான். வெறுங்காலைப் புல்லில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வேலியோரத்துச் சத்தம் தேய்ந்து நின்றது. அப்புறம் ஏபெர் ஒரே ஒரு தடவை கத்தினான்: "மைகோல், மேல ஏறு."

மைகோல் ஏறினான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த வாரமும் பதினாலாம் நம்பர் சேறில்லாமல்தான் வந்தது. நிபியா அதைத் துவைக்காமல் மடித்து வைத்தாள். ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை லோடுக்கு மைகோல் பேர் கொடுக்கவில்லை.

சொன்ன ஞாயிறு வந்தது. நிபியாவின் தம்பி முள்மர விறகு கொண்டுவந்து கொட்டினான். காலை பத்து மணிக்கே கங்கு தயாராகிவிட்டது. ஏபெர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வடக்கு கோல்கம்பத்துக்கு நடந்தான். தொமிங்கோ அவனைக் கண்டதும் ஓடிவந்து, பழம் வைத்திருக்கும் பாக்கெட்டில் மூக்கை நுழைத்தது. இருபத்திரண்டு பேர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வெகுநேரம் அங்கே நின்றான். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை" என்றான்.

ஆதெமார் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கங்கு வீணாகக் கூடாதென்று நிபியா கேன்டீனிலிருந்த சொரீசோ எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினாள். அது கணக்கில் சேராது என்று எல்லாரும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். வேறொரு குட்டி வாங்கிச் சுடேன் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஏபெர் கேட்கவில்லை. குறித்து வைத்த ஆடு இது, இதுதான் கடன் என்றான்.

மைகோல் இரண்டாம் நம்பரோடு நான்கு சீசன் ஆடினான். இரண்டு நல்ல சீசன், ஒரு சுமாரானது, ஒன்று அடிபட்டு பாதியில் நின்றது. முப்பத்துமூன்று வயதில் போதும் என்று சொன்னான். சொன்ன அடுத்த ஞாயிறே தன் பங்குக்கு ஒரு குட்டியை வாங்கி வெட்டினான். விடிந்ததும் தீ மூட்டி, குட்டியைச் சிலுவையில் கட்டி, ஐந்து மணி நேரம் பக்கத்தை விட்டு நகராமல் உப்புத் தண்ணீர் தெளித்துச் சுட்டான். விலா எலும்போடு முதல் துண்டை வெட்டி, பலகையில் வைத்து, கேன்டீன் ஓரம் நின்ற ஏபெரிடம் கொண்டுபோனான்.

"மொதத் துண்டு உங்களுக்குண்ணே."

ஏபெர் வாங்கிக்கொண்டு அதைப் பார்த்தான். "நாலு வருஷம்தான் போட்ட" என்றான்.

"நாலு வருஷம் போட்டேன்."

பத்து போட்டிருக்கலாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நிபியாவும் சொல்லவில்லை.

"உங்க ஆட்டுலயும் மொதத் துண்டு எனக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்றான் மைகோல்.

"ஒனக்குத்தான்."

"எப்போ?"

"வர்ற ஞாயித்துக்கெழமை."

மைகோல் சிரித்துக்கொண்டே கத்தியோடு மற்றவர்களிடம் போனான். ஏபெர் துண்டை நின்றபடியே சாப்பிட்டு எலும்பைச் சுத்தமாக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு வடக்கு கோல்கம்பத்துப் பக்கம் நடந்தான். தொமிங்கோ இப்போது ஓடி வருவதில்லை, அவன் வரும்வரை வேலியோரம் நிற்கும். அதற்குப் பல் எல்லாம் போய்விட்டது. ஏபெர் பாக்கெட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோலுரித்து, சுளை சுளையாகப் பிய்த்து அதன் வாயில் கொடுத்தான்.